தண்ணீர் வந்தது, மடை திறக்கவில்லை: அந்திரோஜன் உணர்வின்மை பற்றி ஓர் எளிய விளக்கம்

வன்னியில் ஒரு பெண்பிள்ளை பதினாறு வயதாகியும் சாமத்தியப்படவில்லை என்றால், அந்தச் செய்தி படலையைத் தாண்டிப் போவதற்கு அதிக நாள் எடுக்காது. சடங்குக்கென்று எடுத்துவைத்த பட்டுச்சேலை மடிப்புக் குலையாமல் பெட்டிக்குள்ளேயே கிடக்க, கோயில் வீதியிலும் சங்கக்கடை வாசலிலும் "இன்னும் ஒண்டுமில்லையோ?" என்ற கேள்வி தாயைத் தேடி வரும். பிறகொரு நாள் வைத்தியசாலைக்குப் போய், பிள்ளைக்குக் கருப்பை இல்லை, நிறமூர்த்தம் எக்ஸ்-வை என்று ஒரு கடதாசியில் எழுதி வந்துவிட்டால், அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ஊர் தன்பாட்டில் ஒரு கதை கட்டிவிடும். "அது உண்மையில பெடியனாம்" என்பார் ஒருவர். "இரண்டும் இருக்காம்" என்பார் இன்னொருவர். "செல்லடியில சுவாசிச்ச புகையால வந்தது" என்று மூன்றாமவர் கதையை முடித்துவைப்பார். மூன்றுமே பிழை.

நான் வைத்தியன் அல்லன். உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவன். நிறமூர்த்தப் பாடம் நடக்கும் ஒவ்வோர் ஆண்டும் பின்வாங்கிலிருந்து யாராவது ஒருவர், "வை இருந்தால் ஆண்தானே, சேர்?" என்று கேட்பதும், நானும் நேரமில்லாத அவசரத்தில் "ஓம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதும் வழக்கமாக இருந்தது. அந்த "ஓம்" அரைகுறையான பதில் என்பதை விளங்கப்படுத்தவே இதை எழுதுகிறேன். பாலின விருத்தியில் ஏற்படும் வேறுபாடுகள் பலவகைப்படும். அவற்றுள் ஒன்றான, ஆணுடலை உருவாக்கும் இரசாயனச் செய்திகளை உடல் அறவே ஏற்காத நிலையான, முழுமையான அந்திரோஜன் உணர்வின்மையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதை விளங்கிக்கொண்டால் மற்றவை பற்றிய பேச்சையும் நிதானமாகக் கேட்க முடியும்.

எல்லாக் கருவும் ஒரே இடத்திலிருந்தே தொடங்குகிறது

நிறமூர்த்தம் என்பது நமது உடற்கலங்களுக்குள் இருக்கும், பரம்பரைச் செய்திகளைச் சுமக்கும் நூல் போன்ற அமைப்பு. தமிழ்நாட்டு நூல்களில் இதைக் குரோமோசோம் என்று எழுதுவார்கள். பெரும்பாலான மனிதருக்கு 46 நிறமூர்த்தங்கள், அதாவது 23 சோடிகள் உண்டு. அவற்றில் ஒரு சோடி பாலோடு தொடர்புடையது: வழமையாகப் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஒரு வையும். நிறமூர்த்தத்தில் எழுதப்பட்டுள்ள தனித்தனிக் கட்டளைக்குப் பரம்பரையலகு என்று பெயர்.

கருவுக்கு ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும்வரை, அது எக்ஸ்-எக்ஸ் ஆயினும் எக்ஸ்-வை ஆயினும், பால் உறுப்புகளைப் பொறுத்தவரை வேறுபாடு எதுவும் தெரியாது. பின்னர் சூலகமாகவோ (பெண்ணில் முட்டை உருவாகும் உறுப்பு) விதையாகவோ (ஆணில் விந்து உருவாகும் உறுப்பு) மாறக்கூடிய ஒரே வகையான திசுவும், இரண்டு சோடிக் குழாய்களும் இரு வகைக் கருக்களிலும் இருக்கின்றன. ஒரு சோடி, வளர விட்டால், கருப்பையாகவும், முட்டையைக் கருப்பைக்குக் கொண்டுவரும் பலோப்பியன் குழாய்களாகவும் மாறும். மற்றச் சோடி, கட்டளை கிடைத்தால், விந்தைக் கொண்டுசெல்லும் குழாய்களாக மாறும்.

அந்தக் கட்டளையின் தொடக்கம் வை நிறமூர்த்தத்தில் உள்ள எஸ்ஆர்வை என்ற பரம்பரையலகு. இது 1990 ஆம் ஆண்டில்தான் அடையாளம் காணப்பட்டது. எஸ்ஆர்வை செய்வது, பொதுவாகக் கிடக்கும் திசுவை விதையாக மாறும்படி தூண்டிவிடுவது ஒன்றுதான். ஆணின் உடலை அது நேரடியாகக் கட்டுவதில்லை. அந்த வேலையை விதை சுரக்கும் ஓமோன்கள் செய்கின்றன. ஓமோன் என்பது உடலின் ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தோடு போய், வேறோர் இடத்தில் வேலை செய்யும் இரசாயனச் செய்தி.

பிரான்ஸைச் சேர்ந்த அல்பிரட் ஜோஸ்ட் 1940 களில் தாய் முயலின் வயிற்றிலிருந்த குட்டிகளில் நுண்ணிய சத்திரசிகிச்சை செய்து இதைக் காட்டினார். விதையோ சூலகமோ உருவாகும் திசுவை முன்கூட்டியே அகற்றிவிட்டால், நிறமூர்த்தம் எதுவாக இருந்தாலும் குட்டியின் உடல் பெண்ணுடலாகவே வளர்ந்தது. உலகப் போர் முடிந்த கையோடு, இன்றிருக்கும் கருவிகள் எதுவும் இல்லாமல், ஒரு முயற்குட்டிக் கருவில் கத்தி வைத்த கையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இதுவரை சொன்னது இவ்வளவே: வை நிறமூர்த்தம் விதையை உருவாக்குகிறது, ஆணுடலை உருவாக்குவது விதையிலிருந்து வரும் ஓமோன்.

குளம், வாய்க்கால், மடை

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளங்கப்படுத்துவது இலகு. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடுவதா இல்லையா என்பது முதலில் கமக்காரர் கூட்டத்தில் முடிவாகிறது. பிறகு குளத்தின் மதகான துருசு திறக்கப்படுகிறது. தண்ணீர் வாய்க்கால் வழியே ஓடுகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் உங்கள் வயலுக்குள் இறங்குவது மடையைப் பொறுத்தது. வாய்க்கால் நிரம்பி ஓடினாலும், உங்கள் மடை இறுகிக் கிடந்தால் வயல் காய்ந்துதான் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு "கூட்டத்தில் முடிவெடுக்கவில்லை" என்றோ "குளத்தில் தண்ணீர் இல்லை" என்றோ யாராவது சொன்னால் அது பொய்.

கூட்டத்தின் முடிவு எஸ்ஆர்வை. குளம் விதை. தண்ணீர், விதை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன். ஆணுடலின் இயல்புகளை உண்டாக்கும் டெஸ்டோஸ்டிரோனையும் அதன் இனத்தைச் சேர்ந்த ஓமோன்களையும் சேர்த்து அந்திரோஜன்கள் என்கிறோம். வயல்தான் உடற்கலம். மடைக்கு உயிரியலில் வாங்கி என்று பெயர்: குறித்த ஓர் ஓமோனை மட்டும் அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதம் அது.

டெஸ்டோஸ்டிரோன் கலத்துக்குள் நுழைந்ததும் அந்திரோஜன் வாங்கி அதைப் பற்றிக்கொள்கிறது. பற்றியதும் வாங்கியின் வடிவம் மாறுகிறது. வடிவம் மாறிய வாங்கி கலத்தின் உட்கருவுக்குள் போய், டீஎன்ஏ இழையில் குறித்த இடங்களில் அமர்ந்து, சில பரம்பரையலகுகளை வேலை செய்ய வைக்கிறது. அதன் பிறகே அந்தக் கலம் "இங்கே தாடி வளரட்டும்", "இங்கே ஆணுறுப்பு உருவாகட்டும்" என்ற வகையில் நடந்துகொள்ளும். வாங்கி இல்லாத கலத்துக்கு டெஸ்டோஸ்டிரோன் இருப்பதே தெரியாது.

இந்த வாங்கியைச் செய்வதற்கான பரம்பரையலகு இருக்குமிடம் வை நிறமூர்த்தம் அன்று, எக்ஸ் நிறமூர்த்தம். ஆணுடல் உருவாக இன்றியமையாத ஒரு கட்டளை, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான எக்ஸிலேயே எழுதப்பட்டிருக்கிறது. "வை என்றால் ஆண்" என்ற வாய்ப்பாடு சறுக்கும் இடம் இதுதான்.

மடை திறக்காதபோது

அந்திரோஜன் வாங்கிக்குரிய பரம்பரையலகில் ஓர் எழுத்துப்பிழை போன்ற மாற்றம் நேர்ந்து, வாங்கி உருவாகாமலோ உருவாகியும் வேலை செய்யாமலோ போவதே அந்திரோஜன் உணர்வின்மை. இத்தகைய மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் பதிவாகியிருக்கின்றன. வாங்கி அறவே வேலை செய்யாவிட்டால் அது முழுமையான வகை. ஓரளவு வேலை செய்தால் பகுதி வகை. பகுதி வகையில் மடை எவ்வளவு திறக்கிறதோ அதற்கேற்றபடி உடலமைப்பு ஆளுக்காள் வேறுபடும். அது தனிக் கட்டுரைக்குரிய விடயம்.

முழுமையான வகையில் என்ன நடக்கிறது? கருவுக்கு எக்ஸ்-வை இருக்கிறது, எஸ்ஆர்வை தன் வேலையைச் செய்கிறது, வயிற்றுக்குள் விதைகள் உருவாகின்றன, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. ஆனால் எந்தக் கலமும் அதை ஏற்கவில்லை. ஆகவே விந்துக் குழாய்கள் வளர்வதில்லை; வெளியுறுப்பு பெண்ணுறுப்பாகவே அமைகிறது. விதைகள் கீழிறங்காமல் வயிற்றுக்குள்ளோ அரைப்பகுதியிலோ தங்கிவிடுகின்றன. குடும்பநல உத்தியோகத்தர் குழந்தையைக் கையிலெடுத்து "பெண்பிள்ளை" என்று சொல்லும்போது, அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார், அதில் தவறில்லை.

அப்படியானால் கருப்பை ஏன் இல்லை? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். விதை டெஸ்டோஸ்டிரோனோடு இன்னோர் ஓமோனையும் சுரக்கிறது. கருப்பையாக வளரக்கூடிய குழாய்ச் சோடியை வளரவிடாமல் சுருங்கச் செய்வது அதன் வேலை. அது வேறொரு வாய்க்காலில் ஓடும் தண்ணீர். அதற்கென்று தனி மடை இருக்கிறது. அந்த மடையில் பழுதில்லை. எனவே கருப்பையும் பலோப்பியன் குழாய்களும் உருவாகாமலே போகின்றன. யோனி இருக்கும், ஆனால் வழமையிலும் நீளம் குறைந்து, உட்புறம் மூடியபடி முடிந்துவிடும்.

சுருக்கமாக: வெளித்தோற்றம் பெண்ணுடையது, உள்ளே விதைகள் உண்டு, கருப்பை இல்லை, சூலகமும் இல்லை. காரணம் ஓமோன் குறைபாடு அன்று. ஓமோனை ஏற்கும் வாங்கியின் பழுது.

பருவ வயதில் நடப்பது

சிறுவயதில் இந்தப் பிள்ளைக்கும் மற்றப் பெண்பிள்ளைகளுக்கும் வேறுபாடு தெரியாது. ஒரேயொரு தடயம் சிலருக்குக் கிடைப்பதுண்டு: கைக்குழந்தையாக இருக்கும்போதே அரைப்பகுதியில் ஒரு வீக்கம், அதாவது குடலிறக்கம். பெண்குழந்தைகளில் குடலிறக்கம் ஆண்குழந்தைகளை விடக் குறைவு. அதற்குச் சத்திரசிகிச்சை செய்யும்போது உள்ளே விதை தென்பட்டு, அப்போதே நிலை கண்டறியப்படலாம்.

மற்றவர்களுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் மார்பு வளர்கிறது, இடுப்பு அகல்கிறது, தாய்க்கு மனம் நிறைகிறது. இது எப்படி? தண்ணீர் ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது, ஏனென்றால் வாய்க்காலில் தேங்கிய தண்ணீர் வேறொன்றாக மாறாது, டெஸ்டோஸ்டிரோன் மாறும். எல்லா மனிதரின் உடலிலும் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்திரோஜன் என்ற ஓமோனாக மாற்றப்படுகிறது. பெண்ணுடலின் இயல்புகளை வளர்ப்பது ஈஸ்திரோஜன். அதற்குரிய வாங்கி இந்தப் பிள்ளையிடம் செம்மையாக வேலை செய்கிறது. ஆகவே வெளியிலிருந்து எந்த மருந்தும் கொடுக்காமலே, தன் உடல் சுரந்த ஓமோனைக் கொண்டே அவள் பெண்ணாக வளர்கிறாள்.

கமக்காரருக்குப் பழக்கமான இன்னொன்றும் இங்கே நடக்கிறது. கடைமடையில் தண்ணீர் காணாது என்று முறைப்பாடு போனால் துருசை இன்னும் கொஞ்சம் உயர்த்துவார்கள் அல்லவா? டெஸ்டோஸ்டிரோன் போதவில்லை என்று மூளையும் நினைத்துக்கொள்கிறது, ஏனென்றால் மூளையிலும் அதே வாங்கிதான் பழுது. ஆகவே இன்னும் சுரக்கச் சொல்கிறது. இரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் ஆணுக்குரிய அளவில், சிலவேளை அதற்கும் மேலே, இருப்பது இதனால்தான். அந்த எண்ணைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை. அது செலவாகாமல் ஓடும் தண்ணீர்.

அக்குளிலும் மறைவிடத்திலும் உரோமம் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். பெண்களிலும் அந்த உரோமத்தை வளர்ப்பது அந்திரோஜன்தான். கருப்பை இல்லாததால் மாதவிடாய் வராது. மார்பு வளர்ந்தும் சாமத்தியப்படாமல் இருப்பதே பெரும்பாலான குடும்பங்களை முதன்முதலில் வைத்தியரிடம் கொண்டுபோகிறது.

ஆணா, பெண்ணா, இரண்டுமா?

"இரண்டும் இருக்காம்" என்ற பேச்சுக்கு உடற்கூறு விடை சொல்லிவிட்டது. அர்த்தநாரீசுவரர் உருவத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு, பாதியும் பாதியுமாக ஓர் உடலைக் கற்பனை செய்வது இலகு. ஆனால் முழுமையான அந்திரோஜன் உணர்வின்மையில் அப்படி எதுவும் இல்லை.

"உண்மையில பெடியன்" என்ற பேச்சு இதைவிடக் கொடியது. இந்த நிலையில் பிறந்தவர்கள் பெண்பிள்ளையாக வளர்கிறார்கள். மிகப் பெரும்பாலானோர் தங்களைப் பெண்ணாகவே உணர்கிறார்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் ஒரு கடதாசி பதினாறு வருட வாழ்க்கையை அழித்து எழுத முடியாது. பாடசாலைப் பதிவிலோ அடையாள அட்டையிலோ மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

இதைத் திருநங்கையர் பற்றிய பேச்சோடும் கலந்துவிடக் கூடாது. திருநங்கை என்ற சொல், பிறக்கும்போது ஆண் எனப் பதியப்பட்டுத் தன்னைப் பெண்ணாக உணர்பவரைக் குறிக்கிறது. அது ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பது பற்றியது. நாம் பேசுவது கருவில் உடல் உருவான விதம் பற்றியது. இரண்டையும் ஒரே இழிசொல்லால் சுட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை, வாசிப்பவருக்குத் தெரியும்.

விளையாட்டுலகம் இந்தக் குழப்பத்துக்குப் பெரிய விலை வாங்கியிருக்கிறது. ஸ்பெயின் நாட்டுத் தடைதாண்டல் வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ, 1985 இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் நிறமூர்த்தப் பரிசோதனையால் வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டில் செய்தி கசிந்து, பதக்கங்களையும் உதவித்தொகையையும் இழந்தார். மணம் செய்ய இருந்தவரும் விலகிப் போனார். அவருக்கு இருந்தது இதே முழுமையான அந்திரோஜன் உணர்வின்மை. டெஸ்டோஸ்டிரோனை ஏற்கவே முடியாத உடல் அதனால் என்ன அனுகூலம் பெற்றிருக்க முடியும் என்று அவர் வாதாடி, 1988 இல் மீண்டும் போட்டியிடும் உரிமையைப் பெற்றார். நமக்குப் பக்கத்தில், புதுக்கோட்டையைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றரில் வென்ற வெள்ளிப் பதக்கத்தைப் பாலினப் பரிசோதனையின் பின் இழந்ததை நம்மில் பலர் அறிவோம். அவருடைய மருத்துவ விவரம் அவருக்குரியது; நான் சொல்ல வருவது, அந்த நாட்களில் தமிழ்ப் பத்திரிகைத் தலைப்புகளை வாசித்தவர்களுக்கு அதிலிருந்து உயிரியல் எதுவும் விளங்கியிருக்காது என்பதே.

யாருடைய குற்றம்?

யாருடையதும் அன்று. ஆனால் இந்தப் பதிலோடு விட்டால் ஊர் கேட்காது. ஆகவே காரணங்களை ஒவ்வொன்றாக எடுப்போம்.

போர் காரணமா? வன்னியில் எந்த நோய்க்கும் 2009 ஐக் காரணமாகச் சொல்லும் மனநிலையின் பின்னால் உண்மையான வலி இருக்கிறது. எனினும் இந்த நிலை போரில்லாத நாடுகளிலும் காணப்படுகிறது. அமெரிக்க வைத்தியர் ஜோன் மொரிஸ் 1953 இலேயே 82 பேரின் விவரங்களைத் திரட்டி இதை விவரித்திருந்தார். மதிப்பீடுகள் வேறுபட்டாலும், எக்ஸ்-வை நிறமூர்த்தத்தோடு பிறப்போரில் ஏறத்தாழ 20,000 முதல் 100,000 பேருக்கு ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது.

சொந்தத்துக்குள் மணம் முடித்தது காரணமா? மச்சானும் மச்சாளும் மணம் முடிப்பதால் கூடக்கூடிய பரம்பரை நோய்கள் உண்டு. பாலின விருத்தியோடு தொடர்புடைய வேறு சில நிலைகளும் அவற்றில் அடங்கும். இந்த நிலை அதில் சேராது. பழுதான பரம்பரையலகு எக்ஸில் இருக்கிறது. எக்ஸ்-வை உள்ள பிள்ளைக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது, தகப்பனிடமிருந்து வருவது வை. தகப்பன் சொந்தமோ அந்நியமோ, இதில் அவருக்குப் பங்கில்லை.

அப்படியானால் தாயா? தாய்க்கு இரண்டு எக்ஸ் உண்டு. ஒன்றில் மாற்றம் இருந்தாலும் மற்றது வாங்கியைச் செய்துவிடுவதால், அவர் நலமாக வாழ்ந்து, பிள்ளை பெற்று, தன்னிடம் அப்படியொன்று இருப்பதையே அறியாமல் இருக்கலாம். இப்படி மாற்றத்தைச் சுமந்தும் பாதிப்பில்லாமல் இருப்பவரைக் காவி என்கிறோம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரில் தாய் காவியாகவும் இருப்பதில்லை. மாற்றம் அந்தப் பிள்ளையில் புதிதாகவே தோன்றியிருக்கும்.

வைத்தியர், தாய்வழியில் சாமத்தியப்படாத, பிள்ளையில்லாத பெரியம்மாவோ சித்தியோ இருந்தார்களா என்று கேட்பது இதனால்தான். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து உறவுகளைத் தொலைத்த வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளே இல்லாமல் இருப்பதும் உண்டு. தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லலாம். பரிசோதனைகள் அதற்காக நின்றுவிடா.

வைத்தியரிடம் போனால்

பதினைந்து வயதாகியும் மாதவிடாய் தொடங்காவிட்டால் காட்ட வேண்டும். காரணம் வேறாகவும் இருக்கலாம். உதாரணமாக, எக்ஸ்-எக்ஸ் நிறமூர்த்தமும் நல்ல சூலகங்களும் இருந்தும் கருப்பை மட்டும் உருவாகாத நிலை ஒன்றுண்டு. அது அந்திரோஜன் உணர்வின்மையை விட அதிகம் காணப்படுவது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். வேறுபடுத்துவன ஸ்கான், இரத்தத்தில் ஓமோன் அளவு, நிறமூர்த்தப் பரிசோதனை ஆகியவை. கடைசியாகச் சொன்னதற்கு இரத்தத்தின் வெண்கலங்களை ஆய்வுக்கூடத்தில் சில நாள் வளர்த்த பிறகே பார்க்க வேண்டியிருப்பதால், முடிவு உடனே வராது. அந்த இடைவெளியில்தான் ஊர்க்கதை வளர்கிறது.

உள்ளே இருக்கும் விதைகளை அகற்ற வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. அவற்றில் புற்றுநோய் உண்டாகும் ஆபத்து பருவமடைவதற்கு முன் மிகச் சிறியது. வயது கூடக் கூடவே அதுவும் கூடுகிறது. முன்னர் கண்டறிந்த உடனேயே அகற்றிவிடுவார்கள். இப்போது, மார்பு வளர்ச்சியும் எலும்பு வளர்ச்சியும் இயல்பாக முடியும்வரை விட்டுவைத்து, வளர்ந்த பின் அந்தப் பெண்ணோடு பேசி முடிவெடுப்பதே பெரிதும் விரும்பப்படுகிறது. அகற்றினால் ஈஸ்திரோஜனின் ஊற்றும் போய்விடுவதால், எலும்பு தேயாமல் இருக்க ஈஸ்திரோஜன் மருந்தை ஏறத்தாழ ஐம்பது வயதுவரை எடுக்க வேண்டும். ஊருக்குப் பயந்து சத்திரசிகிச்சையைச் செய்துவிட்டு, வெட்கத்தில் கிளினிக்குக்குப் போகாமல் விடுவது எல்லாவற்றிலும் மோசமான வழி. முப்பதைத் தாண்டியதும் எலும்பு முறியும்போதுதான் அது தெரியவரும்.

தாம்பத்திய வாழ்வுக்கு இது தடை அன்று. யோனியின் நீளம் போதாதவர்களுக்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சை இல்லாமலே, வைத்தியர் காட்டித்தரும் பயிற்சியால் அதைக் கூட்டலாம். பிள்ளை தாங்க முடியாது. அதை மறைத்துத் திருமணம் பேசுவது இரண்டு வீட்டுக்கும் துயரம். இந்தப் பெண்களிடமிருந்து வைத்தியர்களே உண்மையை மறைத்த காலம் ஒன்று இருந்தது. "சூலகத்தில் கட்டி, எடுத்துவிட்டோம்" என்று சொல்லப்பட்டு, பல வருடம் கழித்து வேறெங்கோ தன் மருத்துவக் குறிப்பை வாசித்து உண்மையை அறிந்தவர்கள் எழுதியிருப்பவை வாசிக்கக் கடினமானவை. இன்று, வயதுக்கேற்ற அளவில், படிப்படியாகப் பிள்ளைக்கே சொல்லிவிட வேண்டும் என்பதே நியமம்.

சடங்கு செய்யலாமா என்று கேட்கும் தாய்க்கு வைத்திய நூலில் பதில் இல்லை. எனக்குக் கேட்டால், அந்தப் பட்டுச்சேலையை உடுத்துவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையிடமே கேட்பேன்.

தங்கையின் கணக்கு

வீட்டில் ஒரு தங்கை இருந்து, அவள் காலத்தில் சாமத்தியப்பட்டுவிட்டால் எல்லோரும் பெருமூச்சு விட்டு விடயத்தை மறந்துவிடுவார்கள். அங்கே ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது. தாய் காவியாக இருந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கு சம வாய்ப்புகள்: பாதிப்பில்லாத ஆண்பிள்ளை, அந்திரோஜன் உணர்வின்மை உள்ள பிள்ளை, காவியல்லாத பெண்பிள்ளை, காவியான பெண்பிள்ளை. மாதவிடாய் வந்த தங்கை கடைசி இரண்டில் ஒருத்தி. அதாவது அவள் காவியாக இருக்கும் வாய்ப்பு இரண்டுக்கு ஒன்று. அவளைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. அக்காவின் பரம்பரையலகில் உள்ள மாற்றம் எதுவென்று முதலில் கண்டறியப்பட்டிருந்தால், தங்கையின் இரத்தத்திலும் அதையே தேடலாம். ஆகவே அக்காவின் கிளினிக் கோப்பை, வெட்கத்தில் அடுப்பில் போட்டுவிடாமல், பிறப்பத்தாட்சிப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். தங்கை திருமணமாகிப் பிள்ளை பெற நினைக்கும் நாளில், வைத்தியர் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.